நான்கு அச்சங்கள் கொண்டவனின் கூற்று: வாசகர் கேள்வி – பதில்

வெரோனிகா ராத் எழுதிய ‘ஃபோர்: எ டைவர்ஜென்ட் கலெக்‌ஷன்’ என்ற நூலைச் சென்ற இதழின் நூலறிமுகப் பகுதியில் எடுத்துக்கொண்டிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில், பலரும் கேட்டிருந்தவற்றைத் தொகுத்து இந்த இதழில் விடை எழுதுகிறேன். நூலை அறியாதவர்களுக்கு ஒரு சிறு முன்குறிப்பு. ராத்தின் நாவல் வரிசையில் ‘டைவர்ஜென்ட்’ 2011-லும், ‘இன்சர்ஜென்ட்’ 2012-லும், ‘அலீஜியன்ட்’ 2013-லும் வெளிவந்தன. சிதைந்துபோன எதிர்காலச் சிகாகோ நகரில் மக்கள் ஐந்து பிரிவுகளாக வாழ்கிறார்கள். 16 வயதானதும் ஒவ்வொருவரும் தாம் வாழ வேண்டிய பிரிவைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். தன்னலம் துறந்தோரின் அப்னிகேஷன் பிரிவில் பிறந்து, துணிவையே அறமாகக் கொண்ட டான்ட்லெஸ் பிரிவுக்குச் செல்லும் டிரிஸ் என்ற பெண்ணே முதல் இரண்டு நூல்களையும் தன் வாய்மொழியாகச் சொல்கிறாள். அங்கே அவளுக்குப் பயிற்சி அளிப்பவன், பின்னர் அவள் காதலனாகிறவன், ஃபோர் என்று அழைக்கப்படுபவன். அவனுடைய இயற்பெயர் டோபையஸ் ஈட்டன். அவன் கூற்றாக அமைந்த 4 நெடுங்கதைகளின் தொகுப்புதான் 2014 ஜூலையில் வெளிவந்த இந்த நூல்.

கேள்வி: கதையை நாயகியே முழுமையாகச் சொல்லிவிட்ட பிறகு, அதையே காதலன் வாயிலாக மீண்டும் சொல்ல வேண்டிய தேவை என்ன? திரைப்படம் வந்த ஆண்டிலேயே இந்த நூலும் வந்திருப்பதைப் பார்த்தால், இது விற்பனைக்காகச் செய்யப்பட்டது என்றுதானே எண்ணத் தோன்றுகிறது?

பதில்: விற்பனைக் கணக்கு இருந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ‘டைவர்ஜென்ட்’ படம் 2014 மார்ச்சில் வந்தது. நூல் நான்கு மாதங்கள் கழித்து வந்தது. ஆனால் இந்த நூலின் முன்னுரையில் ஆசிரியர் சொல்லியிருக்கும் ஒரு செய்தியை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். ‘டைவர்ஜென்ட்’ கதையை அவர் முதன்முதலில் எழுதத் தொடங்கியது டோபையஸின் குரலில்தான். தந்தையோடு இணக்கமில்லாத, தன் பிரிவிலிருந்து விடுபட ஏங்குகிற ஒரு பையனை வைத்து ஏறத்தாழ 30 பக்கங்கள் எழுதிய பிறகு, தான் சொல்ல விரும்பும் கதைக்கு இவன் உரிய கதைசொல்லி அல்லன் என்று உணர்ந்து நிறுத்திவிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் அதைக் கையிலெடுத்தபோதுதான் டிரிஸ் கிடைத்தாள். அப்படிப் பார்த்தால், பின்னால் ஒட்டவைக்கப்பட்ட குரல் அன்று இது. முதலில் எழுந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்ற குரல்.

தேவை என்ன என்பதற்கு ஒரு காட்சியைக் காட்டுவதே சிறந்த விடை. முதல் நூலில் கத்தி எறியும் பயிற்சி வருகிறது. கீழே விழுந்த கத்தியை, மற்றவர்கள் எறிந்துகொண்டிருக்கும்போதே போய் எடுக்க மறுத்த ஒரு பையனை, இலக்குப் பலகையின் முன்னால் நிற்குமாறு எரிக் என்ற தலைவன் ஆணையிடுகிறான். டிரிஸ் குறுக்கிட்டு அவனுக்குப் பதிலாகத் தான் நிற்கிறாள். கத்தி எறிய வேண்டியவன் ஃபோர். மூன்றாவது கத்தி அவள் காது மடலைக் கீறிச் செல்கிறது. டிரிஸின் கூற்றில் படிக்கும்போது நமக்குத் தெரிவது, அசையாத கண்ணும் ஏளனம் தொனிக்கும் குரலும் கொண்ட ஒருவன் அவளை வேண்டுமென்றே காயப்படுத்தினான் என்பது மட்டுமே. அதே காட்சியை டோபையஸின் கூற்றில் படித்துப் பாருங்கள். ஒரு துளி இரத்தமாவது காணாமல் எரிக்கின் மனம் ஆறாது, இந்தக் கொடுமையும் முடியாது என்று கணக்கிட்டு, அந்த ஒரு துளியை எவ்வளவு குறைந்த வலியோடு எடுப்பது என்று எண்ணி நடுங்குகிற ஒருவனைக் காண்போம். அவன் அவளை ‘ஸ்டிஃப்’ என்று இழித்து அழைக்கிறான். அப்னிகேஷன் பிரிவினரை மற்றவர்கள் கேலி செய்யும் சொல் அது. அவன் டான்ட்லெஸுக்கு வந்த நாளில் அவனை எல்லாரும் அழைத்ததும் அதே சொல்லால்தான். தன் மேல் எறியப்பட்ட சொல்லைத் தானே எடுத்து அவள் மேல் எறிகிறபோது அவனுக்குள் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை டிரிஸால் சொல்ல முடியாது. அவளுக்கு அது தெரியாது. ஒருவர் அறியாததை மற்றொருவர் அறிந்திருக்கும்போது மட்டுமே இரண்டாவது கூற்றுக்குத் தேவை உண்டாகிறது. அகப்பாடல்களில் தலைவி கூற்று என்றும் தலைவன் கூற்று என்றும் தனித்தனியே வகுத்து வைத்த மரபில் வந்த நமக்கு, இந்த வேறுபாடு புதிதாக இருக்க நியாயமில்லை.

கேள்வி: டோபையஸ் உயிரோடு இருப்பான், டான்ட்லெஸ் பிரிவில் சேர்வான், பயிற்றுநராவான் என்பதெல்லாம் முன்பே தெரிந்துவிட்ட நிலையில், இந்தக் கதைகளில் படிக்க என்ன எஞ்சியிருக்கிறது?

பதில்: அவன் பெயர் எஞ்சியிருக்கிறது. முதல் நூலை முடித்தவர்களுக்கு, ஃபோர் என்ற பெயர் அவனுக்கு இருக்கும் அச்சங்களின் எண்ணிக்கையால் வந்தது என்று தெரியும். டான்ட்லெஸ் பயிற்சியின் இறுதியில் ஒவ்வொருவரும் ஊசிமருந்தின் மயக்கத்தில் தம் சொந்த அச்சங்களுக்குள்ளேயே நடந்து வெளியே வர வேண்டும். பெரும்பாலானவர்களுக்குப் பத்து முதல் பதினைந்து அச்சங்கள் இருக்க, இவனுக்கு நான்கே நான்கு: உயரம், அடைபட்ட இடம், குற்றமற்ற ஒருவரைக் கொல்ல நேர்தல், தன் தந்தை. டிரிஸின் கண்ணுக்கு இது வீரத்தின் அளவுகோலாகத் தெரிகிறது. ‘தி டிரான்ஸ்ஃபர்’ என்ற முதல் கதையைப் படிக்கும்போதுதான், அந்தப் பெயரை அவன் பற்றிக்கொண்டதற்குக் காரணம் வேறு என்று புரிகிறது. ஈட்டன் என்ற தன் குடும்பப் பெயரைச் சொன்னால், ஊரறிந்த தலைவரான மார்க்கஸின் மகன் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். தந்தையின் பெயரைத் தன் மேலிருந்து கழற்றி எறிய வழி தேடிக்கொண்டிருந்தவனுக்கு, பயிற்றுநர் அமார் ஓர் எண்ணைப் பெயராகக் கொடுக்கிறார். அவன் அதைப் பற்றிக்கொள்கிறான்.

அடைபட்ட இடத்தைக் கண்டு அஞ்சுவது எதனால் என்றும் யோசித்துப் பாருங்கள். சிறு வயதில் தண்டனையாக மாடியிலிருந்த சின்னஞ்சிறு அலமாரி அறையில் தந்தை அவனை அடைத்து வைத்ததால் வந்தது அது. ஆக, நான்கில் இரண்டு ஒரே மனிதரிடமிருந்து வந்தவை. முடிவு தெரிந்த கதைதான். ஆனால் அந்த முடிவை நாம் தவறாகப் புரிந்துவைத்திருந்தோம் என்பதைக் காட்டுவதற்காகவே முன்கதை எழுதப்பட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அகத்திணையில் மாந்தரின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் வகுத்ததற்குக் காரணம் வேறு. ஆயினும் பெயரை மறைத்துக்கொண்ட ஒருவன் காதல் கதைக்குள் நுழைகிறபோது அந்த விதி என் நினைவுக்கு வராமல் போகவில்லை.

கேள்வி: எந்த வரிசையில் படிக்க வேண்டும்? கால வரிசைப்படி இதையே முதலில் படிக்கலாமா?

பதில்: வேண்டாம். முதல் மூன்று கதைகளும் டிரிஸை அவன் சந்திப்பதற்கு முன் நிகழ்பவை என்பதும், ‘தி டிரெய்ட்டர்’ என்ற நான்காவது கதை முதல் நூலின் நடுப்பகுதியோடு இணையாகச் செல்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் டோபையஸின் தாயைப் பற்றி இரண்டாம் நூல் பொத்திவைத்திருக்கும் ஓர் உண்மையை இந்தத் தொகுப்பு வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. ஆகவே குறைந்தது ‘இன்சர்ஜென்ட்’ வரை படித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பள்ளித் தோழி கொடுத்ததாக இந்த நூலை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். தந்தை மகனை அடிக்கும் காட்சிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். முரட்டுத்தனமான ஆண்மகனைக் காதலுக்கு உரியவனாகக் காட்டும் கதையோ என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது. படிக்க விடலாமா?

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியே விடை சொல்ல வேண்டும். அடிக்கும் காட்சிகள் இருக்கின்றன. இடுப்புவாரைக் கையில் பிடித்த தந்தை அவனுடைய அச்ச உலகில் திரும்பத் திரும்ப வருகிறார். அவற்றை ஆசிரியர் சுவைபட விவரிக்கவில்லை. அடியைவிட, அதைச் சுற்றிய மௌனத்தையே அவர் விரிவாக எழுதுகிறார். அப்னிகேஷன் தெருவில் எல்லா வீடுகளும் ஒரே சாம்பல் நிறத்தில், ஒரே வடிவில் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அழகுக்காக மட்டும் வைக்கப்படும் எந்தப் பொருளும் அந்தப் பிரிவில் தன்னலத்தின் அடையாளம். அப்படிப்பட்ட வீட்டில், கொட்டும் நீரின் வடிவில் செய்யப்பட்ட ஒரு நீலக் கண்ணாடிப் பொருளை டோபையஸின் தாய் அவனுக்குக் கொடுத்திருந்தார். எதற்கும் பயன்படாத அந்தப் பொருள்தான் அவனுக்கென்று இருந்த ஒரே இடம் என்று எனக்குப் படித்தபோது தோன்றியது. உங்கள் மகளோடு பேச விரும்பினால் அங்கிருந்து தொடங்குங்கள்.

முதல் நூலில் இன்னொன்றும் வருகிறது. மார்க்கஸ் தன் மகனைக் கொடுமைப்படுத்தினார் என்று எருடைட் என்ற அறிவாளர் பிரிவினர் செய்தி வெளியிடுகிறார்கள். அவர்களுடைய நோக்கம் அப்னிகேஷன் ஆட்சியைக் கவிழ்ப்பது. ஆகவே டிரிஸ் உட்பட நல்லவர்கள் பலரும் அதைப் பொய் என்று தள்ளிவிடுகிறார்கள். ஆனால் செய்தி உண்மை. தீய நோக்கத்தோடு சொல்லப்பட்ட ஓர் உண்மையை நல்லவர்கள் நம்ப மறுக்கும்போது, அதை அனுபவித்த பிள்ளை எங்கே போய் நிற்பான் என்ற கேள்வியை, 13 வயதுப் பிள்ளை தன் போக்கில் எண்ணிப் பார்க்க முடியும் என்றே நம்புகிறேன்.

இரண்டாவது கேள்வியில் உங்கள் கவலையை நான் பகிர்ந்துகொள்கிறேன். அவனுக்கு 18 வயது, அவளுக்கு 16; அதைவிட முக்கியமாக, அவன் பயிற்றுநர், அவள் அவனுடைய மதிப்பீட்டுக்கு உட்பட்டவள். டிரிஸின் கூற்றில் இந்த ஏற்றத்தாழ்வு காதலின் ஈர்ப்பாக மட்டுமே வந்து போகிறது. டோபையஸின் கூற்று அதை முழுமையாகத் தீர்த்து வைக்கவில்லை. ஆனாலும் முரடு என்று நாம் எண்ணியது அஞ்சியவனின் கவசம் என்று காட்டுவதால், அந்த முரட்டுத்தனத்தின் மேலிருந்த மினுக்கத்தை அது துடைத்துவிடுகிறது. இது போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் சொல்வேன். மீதியை நீங்கள் அவளோடு பேச வேண்டும். தடுத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

கேள்வி: சென்ற இதழில் நூலைப் பாராட்டி மட்டுமே எழுதியிருந்தீர்கள். குறையே இல்லையா?

பதில்: இருக்கிறது. சென்ற முறை சொல்லாமல் விட்டது என் பிழை. டிரிஸும் தன்மையில், நிகழ்காலத்தில், குறுகிய வாக்கியங்களில் பேசுகிறாள். டோபையஸும் அப்படியே பேசுகிறான். ‘அலீஜியன்ட்’ நூலில் இருவரும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். யார் பேசுவது என்று அறிய நான் பல முறை அத்தியாயத்தின் தலைப்புக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இந்தத் தொகுப்பில் அவன் மட்டுமே பேசுவதால் குழப்பம் இல்லை என்றாலும், தழும்புகளோடு வளர்ந்த ஒருவனுக்கு உரிய தனிக் குரல் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எரிக் இங்கேயும் வெறும் தீயவனாகவே நிற்கிறான்; உடன் பயிற்சி பெற்ற ஒருவனின் கண்ணில் அவன் இன்னும் சற்று மனிதனாகத் தெரிந்திருக்க வேண்டும். ‘தி சன்’ (மகன்) என்ற மூன்றாவது கதையில், தலைமைப் பொறுப்பைத் தருவதாக டான்ட்லெஸ் தலைவன் மாக்ஸ் வந்து பேசுவதும் எருடைட் தலைவி ஜனீனின் சூழ்ச்சியும் பின்வரும் நூல்களுக்குப் பாலம் போடுவதிலேயே பெரும்பகுதி செலவாகிறது.

கேள்வி: இதே வகையில் வேறு நூல்கள் உண்டா?

பதில்: இரண்டைச் சொல்கிறேன். கீரா காஸின் ‘தி செலக்‌ஷன்’ வரிசையில் ‘தி பிரின்ஸ்’ என்ற குறுநாவல் 2013-ல் வந்தது. 35 பெண்களிலிருந்து தன் துணைவியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இளவரசன் மாக்ஸன், அந்தத் தேர்வு தொடங்குமுன் எப்படி இருந்தான் என்று சொல்லத் தொடங்கி, விரைவிலேயே நாம் ஏற்கெனவே படித்த காட்சிகளை மறுபடி சொல்லும் நிலைக்குப் போய்விடுகிறது. தாஹெரே மாஃபியின் ‘ஷாட்டர் மீ’ வரிசையில் ‘டெஸ்ட்ராய் மீ’ 2012-ல் வந்தது. அது முன்கதை அன்று. அந்த வரிசையின் முதல் நூலுக்கும் இரண்டாம் நூலுக்கும் இடையில் நிகழ்வது. முதல் நூலில் நாம் வெறுத்த வார்னர், நாயகி ஜூலியட்டின் கையெழுத்துக் குறிப்பேட்டைப் படிப்பதன் வழியே, பின்னாளில் காதலனாகக் கூடியவனாக நம் முன் மாறுகிறான். கூற்று மாறினால் ஒருவனைப் பற்றிய தீர்ப்பே மாறும் என்பதற்கு அது நல்ல சான்று.

கேள்வி: நாயகியின் கூற்றில் ஒரு டிஸ்டோப்பிய நாவல், அதாவது சீர்கெட்ட எதிர்காலத்தைச் சொல்லும் நாவல், எழுதி முடித்திருக்கிறேன். படித்தவர்கள், அவளுடைய காதலனின் முன்கதையை எழுதச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்: எழுதத் தொடங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் நாயகி பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு, அவனுடைய கதையை ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கம் நிரம்பவில்லை என்றால் முன்கதை எழுதும் காலம் இன்னும் வரவில்லை என்று பொருள். அவளுக்காகக் காத்திருப்பதே வேலையாகக் கொண்ட ஒருவனுக்கு முன்கதை இருக்க முடியாது. டோபையஸுக்கு அவளை அறியாமலே ஒரு வேட்கை இருந்தது: தந்தையின் வீட்டிலிருந்து வெளியேற வேண்டும். தேர்வு விழாவில் உள்ளங்கையைக் கீறி, எரியும் கரிகள் நிரம்பிய டான்ட்லெஸ் கிண்ணத்தின் மேல் அவன் கையை நீட்டி, இரத்தம் சுடு கரியில் விழும் அந்த ஒரு கணத்தில் அவன் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. அங்கே டிரிஸுக்கு இடமே இல்லை.

அடுத்ததாக, உங்கள் நாவலில் அவன் எந்தப் பதவியில் இருக்கிறான் என்று பாருங்கள். இவ்வகைக் கதைகளில் காதலன் பெரும்பாலும் நாயகியைவிட அதிகாரத்துக்கு நெருக்கமானவனாக இருப்பான். மாக்ஸன் இளவரசன், வார்னர் படைத்தலைவன், டோபையஸ் பயிற்றுநர் மட்டுமல்லன், கண்காணிப்புக் கேமராக்கள் உள்ள கட்டுப்பாட்டு அறையிலும் வேலை செய்பவன். நாயகி வெளியிலிருந்து கண்டு அஞ்சிய இயந்திரத்துக்கு உள்ளே சம்பளம் வாங்காத குறையாக உட்கார்ந்திருந்தவன் அவன். அவள் வருவதற்கு முன் அவன் அந்த ஆட்சிக்கு எத்தனை நாள் பணி செய்தான், எத்தனை பேர் துன்புற்றபோது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான், அதை எப்படித் தனக்குத்தானே நியாயப்படுத்தினான் என்பதையெல்லாம் நீங்கள் எழுத வேண்டும். டான்ட்லெஸ் தர வரிசையில் பின்தங்கும் பிள்ளைகள் பிரிவற்றவர்களாக வீதிக்குத் தள்ளப்படுகிறார்கள். அவர்களை வரிசைப்படுத்தும் இடத்தில் ஃபோர் இருந்தான். ராத் இதை இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கலாம் என்பது என் ஆதங்கம். நீங்கள் தோண்டுங்கள். அவன் மேல் உங்கள் வாசகர்களுக்கு உள்ள அன்பு குறைந்துவிடும் என்று அஞ்சாதீர்கள்.

மூன்றாவதாக, உங்கள் நாயகி அவனைப் பற்றித் தவறாக எண்ணியவற்றைப் பட்டியலிடுங்கள். அவன் அமைதியாக இருந்ததை அவள் உறுதி என்று எண்ணியிருக்கலாம். அவனோ சத்தம் போட்டால் அடி விழும் வீட்டில் வளர்ந்தவனாக இருக்கலாம். இப்படி ஐந்தாறு கிடைத்தால் போதும், ஒவ்வொன்றும் ஒரு காட்சியாகிவிடும். கிடைக்காவிட்டால் உங்கள் முதல் நூலில் அவனைப் போதுமான அளவு மறைத்து வைக்கவில்லை என்று கொள்ளுங்கள்.

முடிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிரிஸ் கூரையிலிருந்து முதல் ஆளாகக் குதித்து வலையில் விழ, அவளை ஃபோர் கைப்பிடித்து இறக்கி, அவள் பெயரைக் கேட்கும் காட்சியை அவன் கூற்றில் எழுத ராத் மிகவும் விரும்பியிருக்கிறார். கதைகளின் கால ஓட்டத்தில் அது பொருந்தவில்லை என்பதால், அந்தக் காட்சியைத் தனியே எழுதி நூலின் பின்பகுதியில் சேர்த்தார். வாசகர்கள் எல்லாரும் எதிர்பார்க்கும் காட்சியைக் கதைக்குள் திணிக்காமல் வெளியே வைத்த அந்தக் கட்டுப்பாட்டைத்தான் நான் உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன். அவளுடைய பெயர் அவன் காதில் விழுவதற்கு முந்திய நாளோடு நிறுத்திவிடுங்கள்.